இருநூற்று நாற்பது புள்ளிகள்

படத்தை மாற்றி முடிக்கப் பதினொரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகும் என்று மடிக்கணினி காட்டியது. அப்போது உத்திராடத்தன்று காலை ஆறு மணி. சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு முடிந்துவிடும். மறுநாள் திருவோணம். மூன்று மணிக்குத்தான் கிளப்பில் படம். நேரம் இருந்தது.

படம் என்றால் சினிமா இல்லை. 2010 ஓணத்துக்கு எங்கள் கொல்லயில் ஊரின் நவஜோதி கிளப் மைதானத்தில் நடந்த வடம்வலியின் வீடியோ. கயிறிழுக்கும் போட்டியை இங்கே எல்லோரும் வடம்வலி என்றுதான் சொல்வார்கள். பக்கத்துக்கு எட்டுப் பேர், மூன்று இழுப்பு, வெல்பவர்களுக்கு ஒரு ஏத்தன் வாழைக்குலையும் ஒரு கோப்பையும். அந்த வருடம் பூவாரிலிருந்து வந்த கடற்கரை அணியை எங்கள் அணி தோற்கடித்தது. அதற்கு முன்பும் பின்பும் ஒரு தடவைகூடத் தோற்கடித்ததில்லை. எங்கள் அணியின் கடைசி ஆள், அதாவது வடத்தைத் தோளில் சுற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்பவர், என் அப்பா பொன்னப்பன்.

படம் பிடித்தவர் அஜீஷ் அண்ணன். ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். கையில் புது ஹேண்டிகேம். பால் சொசைட்டியின் மாடியில் ஏறி நின்று ஆரம்பம் முதல் கடைசிவரை எடுத்தார். எச்டி என்ற சொல்லை எங்கள் ஊர் அன்றுதான் கேட்டது. ஆனால் எச்டியில் யாரும் பார்க்கவில்லை. அன்று எல்லா வீட்டிலும் குண்டு டிவிதான். ஸ்டுடியோக்காரர் ஓரங்களை வெட்டிச் சதுரமாக்கி, சுருக்கி, டிவிடியில் போட்டுத் தந்தார். அந்த டிவிடியில் ஆட்களுக்கு முகம் கிடையாது. சட்டையின் நிறத்தை வைத்துத்தான் இன்னார் என்று சொல்வோம். கீறல் விழுந்து ஓடாமல் போகும்வரை அப்பா அதைப் போட்டுப் பார்த்தார்.

இந்த வருடம் கிளப்புக்கு இருபத்தைந்து வயது. செயலாளர் சஜு அண்ணன் அஜீஷ் அண்ணனை விடாமல் நச்சரித்து, ஷார்ஜாவிலிருந்து வந்த ஒருவர் கையில் அசல் வீடியோக் கோப்பை ஒரு ஹார்ட் டிஸ்கில் வரவழைத்துவிட்டார். பதினான்கு ஜிபி. கிளப் டிவியின் யூஎஸ்பி துளை இடி விழுந்த வருடமே போய்விட்டது. டிவியோடு இணைந்திருப்பது ஒரே ஒரு பொருள். லிபின் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது விட்டுச் சென்ற பழைய பிளேஸ்டேஷன் த்ரீ. கிளப்பில் அதற்குப் பெயர் கேம் பெட்டி.

"எலே, பந்து விளையாடுக பெட்டியில படம் ஓடுமா?" என்று யாரோ கேட்டார்களாம்.

"எல்லாம் ஓடும். பொன்னப்பண்ணனுக்க மக சயன்ஸ் படிச்ச பிள்ளையில்லியா," என்று சஜு அண்ணன் பதில் சொல்லிவிட்டு, ஹார்ட் டிஸ்கை ஒரு சாம்பார்ப்பொடி டப்பாவில் போட்டு எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

நான் படித்தது பிஎஸ்சி இயற்பியல். அதில் இதெல்லாம் இல்லை. உதியன்குளங்கரையில் ஒரு ஸ்டுடியோவின் பின்னறையில் கல்யாண ஆல்பம் செய்கிறேன். அது அவருக்குத் தெரியும். முடியாது என்று சொல்ல எனக்கு வராது என்பதும் தெரியும்.

வேலை கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். அஜீஷ் அண்ணன் துண்டு துண்டாக இருந்ததை ஒன்றாக்கி எம்கேவி கோப்பாகச் சேமித்திருந்தார். கேம் பெட்டிக்கு எம்கேவி தெரியாது, எம்பி4 வேண்டும். பெட்டி படிக்கிற முறையில் பென்டிரைவைத் தயார் செய்தால் நான்கு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் நுழையாது. படம் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். வகுத்துப் பார்த்தால் நொடிக்கு நாலரை மெகாபிட்டுக்குள் அடக்க வேண்டும். பழைய ஹேண்டிகேம் ஒவ்வொரு சட்டகத்தையும் ஒற்றை வரிகளாகவும் இரட்டை வரிகளாகவும் பிரித்து எடுத்திருந்தது. நிறுத்திப் பார்த்தால் ஓடுகிறவர்களின் கைகால்களில் சீப்புப் பல் போலக் கோடு விழும். அதைச் சரிசெய்வதுதான் அதிக நேரம் தின்றது. முதல் முயற்சியில் படம் வந்தது, ஒலி வரவில்லை. இது இரண்டாவது.

இரண்டு நாளைக்கு முன்பு ஷெர்லி கூப்பிட்டிருந்தாள். நெய்யாற்றின்கரைக் கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாங்கள். அவள் அப்பா பத்ரோஸ் அன்று கடற்கரை அணியில் முன்னாலிருந்து இரண்டாவது ஆள். மூன்றாவது இழுப்பில் அவர் கால் சறுக்கியது, அணி சரிந்தது, தோற்றது. கதை இவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் பெயர் சறுக்கு பத்ரோஸ்.

"எடி, பப்பா நாளு எண்ணிட்டிருக்காரு," என்றாள். "எச்டியில காலு தெளிவாத் தெரியுமாமே?"

"தெரியும்."

"போன மாசம் எனக்க கல்யாண மனசம்மதத்துக்கு நீ வரேல. பந்தியில இருந்து பையனுக்க மாமன் கேக்காரு, 'பெண்ணு ஆரு, சறுக்குக்க மோளா?'ன்னு. எல்லாருக்கும் ஒரே சிரி. பப்பாவும் சேந்து சிரிச்சாரு. ராத்திரி சோறு தின்னேல."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். அவளே தொடர்ந்தாள்.

"காலு சறுக்கவே இல்லன்னு இப்பவும் சத்தியம் செய்வாரு. விரலு மண்ணுல பூந்து நின்னுச்சாம். வடந்தான் வரேலயாம். கடல்ல வலை பாறையில உடக்குனா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சாம். இதெல்லாம் ஆரு கேக்கா? ஓணத்தன்னைக்கு அவரைக் கூட்டிட்டு வாறேன். நீ நல்லாச் செய்து வை, கேட்டியா."

நல்லாச் செய்வதாகச் சொன்னேன்.

அப்பாவிடமும் அந்த இழுப்புக்கு ஒரு கதை உண்டு. வருடத்துக்கு நாலு தடவையாவது சொல்வார். "கையும் விட்டாச்சு, காலும் விட்டாச்சு. மண்ணுல இழைஞ்சு முன்னால போய்க்கிட்டிருக்கேன். அப்போ பொறத்தால ஆரோ வந்து வடத்தெப் பிடிச்சா. மனுசப் பிடி இல்ல அது. பாறசாலை மகாதேவராக்கும்."

அப்பா மரம் வெட்டுகிறவர். அந்த ஓணம்வரை தினமும் குடித்தார். அம்பூரியில் ரப்பர் மரம் வெட்டப் போனால் கூலியோடு திரும்பி வருவாரா என்று அம்மா வாசலில் நிற்பாள். அன்று வென்ற பிறகு, தோளில் தூக்கியவர்களை இறக்கிவிடச் சொல்லி, நேரே கோவில் குளத்தில் போய் முங்கினார். என் வடத்தைப் பிடித்தவருக்கு முன்னால் இனி நான் குடித்துவிட்டு நிற்கமாட்டேன் என்றார். பதினைந்து வருடம் ஆகிறது. ஒரு துளி இல்லை.

காலை உணவுக்குப் பிறகு, கோப்பு மாற்றம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அசல் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒலி வருகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் திறந்தேன். பிறகு மூட முடியவில்லை.

மைதானத்துக்குப் பின்னால் வயல் இருந்திருக்கிறது. எனக்கு அது மறந்தே போயிருந்தது. இப்போது அங்கே இரண்டு வீடும் ஒரு டைல்ஸ் குடோனும் உண்டு. வயல் வரப்பில் ஒரு கொக்கு நிற்பதுகூடத் தெரிந்தது. மோர் விற்கும் ராஜபாய் மாமி டிவிடியில் ஒரு மஞ்சள் கறையாக இருப்பார். கொரோனா வருடத்தில் இறந்துபோனார், யாரும் போய்ப் பார்க்க முடியவில்லை. இதில் அவர் உதடு அசைய டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டுவரை நானும் சேர்ந்து எண்ணினேன். பதின்மூன்றில் யாரோ குறுக்கே போனார்கள். அம்மா ஒரு நீலப் புடவையில் கூட்டத்தில் நின்றாள். தலையில் ஒரு நரை இல்லை. பக்கத்தில் நிற்பவளிடம் எதையோ சொல்லி வாயைப் பொத்திச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதை மூன்று தடவை ஓட்டினேன்.

ஆட்கள் எல்லோரும் ஒல்லியாக இருந்தார்கள். யார் கையிலும் போன் இல்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். மைக்கில் ஒருவர் மலையாளத்தில் தொண்டை கிழியக் கத்தினார். இந்தச் சத்தம் எங்கள் வீட்டு டிவியில் நூறு தடவை கேட்டதுதான். ஆனால் கத்துவதற்கு முன் அவர் செருமுவது இப்போதுதான் கேட்டது.

மூன்றாவது இழுப்பு. மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி. பாதியில் எங்கள் அணி முன்னால் இழுபட்டுப் போகிறது. அப்பாவின் குதிகால் மண்ணை உழுகிறது. எல்லைக்கு இன்னும் ஓர் அடி. பிறகு நின்றுவிடுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் வடம் எந்தப் பக்கமும் அசையவில்லை. கடற்கரைக்காரர்களின் கழுத்து நரம்புகளை எண்ணலாம் போல இருந்தது. அதன் பிறகு பத்ரோஸ் மாமாவின் வலது கால் மெதுவாக, மிகத் தெளிவாக, சறுக்கியது.

எச்டியில் அவர் விரல்கள் மண்ணைக் கீறிய ஐந்து கோடும் தெரிந்தது.

பிறகு நான் சட்டகத்தின் வலது ஓரத்தைப் பார்த்தேன். டிவிடியில் அந்த ஓரம் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி அகலத்தில், சதுரமாக்குவதற்காக இருபக்கமும் இருநூற்று நாற்பது புள்ளிகளை ஸ்டுடியோக்காரர் வெட்டியிருந்தார். வலப்பக்கத்து இருநூற்று நாற்பதுக்குள் ஒரு தென்னை மரம், அதன் பக்கத்தில் பச்சை உடுப்புப் போட்ட ஒன்பது வயதுப் பெண்.

அப்பாவுக்குப் பின்னால் வடத்தின் மிச்ச முனை தரையில் கிடக்கிறது. எல்லோரும் நடுக்கோட்டைப் பார்க்கிறார்கள். அந்தப் பெண் முனையை எடுக்கிறாள். தென்னையைச் சுற்றி ஓடுகிறாள். ஒன்று, இரண்டு, பிறகு பாதி. கால்களை வேரில் ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துச் சாய்கிறாள். வடம் நிற்கிறது.

நான் அதை மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் கேமரா பார்த்தது எனக்குத் தெரியாது.

அந்த வித்தையை நான் அப்பாவிடம்தான் பார்த்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தில் பெரிய கொம்பை வெட்டும்போது, கயிற்றைக் கொம்பில் கட்டி, மறு முனையை இன்னொரு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்வார். கொம்பு ஓட்டின் மேல் விழாமல் மெதுவாக இறங்கும். லீவு நாட்களில் அந்த முனையை விளையாட்டாக என் கையில் தருவார்கள். பெரிய பலாக்கொம்பு என் கையில் தொங்கும். இரண்டாம் வருடம் கல்லூரியில் அதன் சூத்திரம் வந்தது. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு மடங்கு. இரண்டரைச் சுற்றுக்கு ஐநூறு மடங்குக்கு மேல். ஒன்பது வயதுப் பிள்ளை மூன்று கிலோ பலத்தில் பிடித்தால் எட்டு மீனவர்கள் சேர்ந்து இழுத்தாலும் போதாது. நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். பக்கத்தில் ஷெர்லி இருந்தாள். கணக்கை அடித்துவிட்டேன்.

வெல்வதற்காகச் செய்யவில்லை. அன்று காலையிலேயே அப்பா குடித்திருந்தார். தள்ளாடியபடிதான் வடத்தைத் தோளில் போட்டார். அவர் முதுகு என்னைவிட்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. விழுந்து இழுபட்டுப் போவார் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

"என்னடி வாயைப் பொளந்து பாக்க?"

அம்மா பின்னால் நின்றாள். ஓணத்துக்கு ஏத்தன் காய் வறுத்துக்கொண்டிருந்தவள், கையெல்லாம் எண்ணெய். நான் நிறுத்தி வைத்திருந்த சட்டகத்தைக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுத் தெளிவாவா இருக்கு?"

"ஆமா."

"அந்த உடுப்பு நான் தச்சதாக்கும்," என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "வெட்டு."

அம்மாவிடம் மட்டும் நான் சொல்லியிருந்தேன். வடம்வலி முடிந்து மூன்றாம் நாள், அடுப்படியில். என் வாயைக் கையால் பொத்தினாள். அப்பன் மூணு நாளா குடிக்கேல, இது இனி உனக்க வாயில வரப்பிடாது என்றாள். அதன் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பேசியதே இல்லை.

"ஷெர்லிக்க பப்பா வருவாரும்மா. காலு பாக்க."

"பாக்கட்டு. சறுக்கினது சறுக்கினதுதானே. கள்ளமா?"

"ஏன் சறுக்கிச்சுன்னு தெரியாண்டாமா? தெங்கெப் பிடிச்சு வலிச்சா ஆருக்கும் சறுக்கும்."

"மக்கா," அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "அவனுக்குப் பேரு போச்சு. செரி. எனக்கு மாப்பிள திரும்ப வீட்டுக்கு வந்தாரு. நீ கணக்குப் படிச்சவதானே, ரெண்டையும் தூக்கிப் பாரு. எது கூடுதலு?"

"அப்பா இனி குடிக்கமாட்டாரு."

"அது உனக்கு எப்படித் தெரியும்? சாமி பிடிச்சிருக்காருன்னு நினச்சு நிக்கிய மனுசன். பிடிச்சது பச்சை உடுப்புப் போட்ட ஒரு பீக்கிரிப் பிள்ளைன்னு அறிஞ்சா எப்படி நிப்பாரு?" எழுந்து போகும்போது வாசலில் திரும்பினாள். "காய் கரிஞ்சு போச்சு, உன்னால."

ஐந்து நாற்பதுக்கு முடியும் என்றது ஐந்து ஐம்பதுக்கு முடிந்தது. படமும் வந்தது, ஒலியும் வந்தது. முழு அகலம், அருமையாக இருந்தது. அதை அப்படியே மடிக்கணினியில் விட்டுவிட்டு, மாற்றும் மென்பொருளின் அமைப்பைத் திறந்தேன். இடது ஓரம் இருநூற்று நாற்பது. வலது ஓரம் இருநூற்று நாற்பது. இரண்டு கட்டத்தில் இரண்டு எண், அவ்வளவுதான் வேலை. மறுபடி ஓடவிட்டேன். புள்ளிகள் குறைந்ததால் நேரமும் குறைந்தது, எட்டு மணி ஐம்பது நிமிடம். அப்பா உத்திராடச் சந்தையிலிருந்து பூவும் சேனையுமாக வந்து, சுமி, முடிஞ்சாச்சா மக்கா, என்று கேட்டார். கொஞ்சம் உண்டு என்றேன்.

திருவோணத்தன்று பென்டிரைவில் வெட்டிய கோப்பு மட்டும் இருந்தது.

கிளப் அறையில் நாற்பது பேர் இருப்பார்கள். சாப்பிட்ட களைப்பில் பாதிப் பேர் தரையிலேயே சாய்ந்திருந்தார்கள். அப்பா புது வேட்டி கட்டி முன்வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைய எட்டுப் பேரில் ஊரில் இருப்பவர்கள் அவரோடு நான்கு பேர். பெண்கள் பக்கம் அம்மா. நான் டிவிக்குப் பக்கத்தில், ஒயர்களுக்கு நடுவில்.

பத்ரோஸ் மாமா ஷெர்லியோடு வந்தார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"சறுக்கு வந்தாச்சு. பாத்து வாரும், தரை இப்பத்தான் தொடச்சது."

"நான் வழுக்க உங்களுக்க தரையில என்ன வாழைப்பழத் தொலியா கிடக்கு?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எழுந்து தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக்காட்டினார். "இஞ்ச இரு பத்ரோஸே."

பென்டிரைவைச் செருகினேன். கேம் பெட்டி அதைப் படித்தது. படத்தின் பெயர் வந்ததும் சஜு அண்ணன் கைதட்டினார். ஓடத் தொடங்கியதும் தட்டுவதை நிறுத்தினார்.

"இதென்ன பிள்ளே, ரெண்டு ஓரத்திலயும் கறுப்பு?"

"பழைய படம் அப்படித்தான் அண்ணா," என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு எளிதாக வந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை.

கறுப்பை எல்லோரும் சீக்கிரம் மறந்துவிட்டார்கள். ராஜபாய் மாமி திரையில் வந்தார். மாமியின் தங்கை எழுந்து டிவிக்குக் கிட்டே வந்து நின்று, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டுப் போனார். பிறகு ஒவ்வொருவரும் தங்களைக் கண்டுபிடித்தார்கள். எனக்க முடியெப் பாரு, எனக்க முடியெ. எலே, அது நானா, இடுப்பு எங்க போச்சு. வயல் வந்தபோது யாரோ நிறுத்தச் சொன்னார்கள். சஜு அண்ணன் கன்ட்ரோலரை அமுக்கினார். கொஞ்ச நேரம் எல்லோரும் வெறும் வயலைப் பார்த்தோம்.

மூன்றாவது இழுப்பு தொடங்கியதும் பத்ரோஸ் மாமா நாற்காலியை விட்டு இறங்கி டிவிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என்னிடமிருந்து கை எட்டும் தூரம். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். கண்ணாடி புதிது, விலைச்சீட்டு ஒட்டிய தடம் ஓரத்தில் இருந்தது.

அறை கத்தியது. முடிவு தெரிந்த போட்டிக்கு இவ்வளவு கத்துவார்களா என்று இருந்தது. அப்பா நாற்காலியில் பின்னால் சாய்ந்து, இல்லாத வடத்தைப் பிடித்தார். வடம் நின்றது. ஒரு நிமிடம். பிறகு கால்.

"நிறுத்து," என்றார் மாமா.

சஜு அண்ணன் நிறுத்தினார். கால் பெரிதாக, சுத்தமாகத் தெரிந்தது. மண்ணில் ஐந்து கோடு. மாமா விரலை நீட்டி, திரையைத் தொடாமல், அந்தக் கோடுகள் மேல் ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"இதுவரைக்கும் வெறும் சறுக்கு," என்றார் சஜு அண்ணன். "இனி எச்டி சறுக்காக்கும்."

அறை சிரிப்பில் அதிர்ந்தது. மாமாவும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி மடக்கிப் பைக்குள் வைத்தார், முதல் தடவை பைக்குள் போகவில்லை. தரையில் கையூன்றி எழுந்தார்.

"செரி," என்றார். "எனக்க காலுதான்."

"விடு பத்ரோஸே," என்றார் அப்பா. "உனக்க காலு என்ன செய்யும்? எனக்க பொறத்தால நின்னது ஆரு? மகாதேவராக்கும்."

"உம்ம சாமி வந்தாரு. எனக்க அந்தோணியாரு அன்னைக்கு எங்க போனாரு?" மாமா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது. "பொன்னப்பண்ணே, உம்ம வீட்டுல வந்து வெள்ளம் குடிச்சிருக்கேன், சோறு தின்னிருக்கேன். ஆனா மனசுல ஒண்ணு வச்சிருந்தேன். நீங்க எல்லாரும் சேந்து ஏதோ கள்ளக்களி செய்துதான் ஜெயிச்சியன்னு. காலு சறுக்கேல, சறுக்கேலன்னு எனக்க வீட்டுக்காரி பவுலாகிட்ட பதினஞ்சு வருசமா சொல்லிட்டிருந்தேன். இண்ணைக்குக் கண்ணால பாத்தாச்சு. தப்பு எனக்க மேலதான். அந்த ஏழு பேரையும் தோக்க வச்சது நான்தான். கடல்ல இருந்து கரைக்கு வந்தா ஒவ்வொருத்தனும் சொன்னப்போ நான் சண்டைக்குப் போனேன். இனி போகமாட்டேன்."

அவர் கையை நீட்டினார். அப்பா எழுந்து அந்தக் கையைப் பிடித்தார். ஷெர்லி வாசல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் மட்டும் தெரிந்தது. சிலர் கை தட்டினார்கள். சஜு அண்ணன் படத்தை மறுபடி ஓடவிட கன்ட்ரோலரைத் தூக்கினார்.

நான் எழுந்து நின்றேன். ஒயர் மாற்ற எழுந்தேன் என்று நினைத்திருப்பார்கள், யாரும் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள். தலையை மிக லேசாக, இல்லை என்று அசைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.    

"அப்பா," என்றேன்.

அப்பா திரும்பினார். பத்ரோஸ் மாமாவின் கை இன்னும் அவர் கைக்குள் இருந்தது. நாற்பது பேர் இருந்த அறையில் கேம் பெட்டியின் விசிறிச் சத்தம் கேட்டது.

"என்ன மக்கா?"

"வலது பக்கம் நான் வெட்டினேன். அங்க ஒரு தெங்கு உண்டு." என் குரல் யாருடையதோ போல இருந்தது. நான் அப்பாவை மட்டும் பார்த்தேன். "சாமியும் இல்ல, மாமாக்க காலும் இல்ல. அன்னைக்கு வடத்தெத் தெங்குல சுத்திப் பிடிச்சது நானாக்கும்."